ஆறு கேட்டாள், நாலு கொண்டு போகிறேன்

வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிளம்பிப் போனாளே, அது நியாயமா? நீங்களே சொல்லுங்க அம்மணி. என் வீட்டுக்காரி, இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேன். பேசியிருந்தால் படிய வைத்திருப்பேன். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், நான் ஈரோட்டுக்குச் சரக்குப் பார்க்கப் போன நாளாகப் பார்த்துக் கிளம்பியிருக்கிறாள். ஆள் இல்லாத இடத்தில் பேரத்தை முடித்துக்கொண்டு போனால் அதற்குப் பேர் என்ன?

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க. உங்க பை இந்த டப்பாவை இடிக்கிறது. இது அலுங்கக் கூடாது. கோவிச்சுக்காதீங்க, நான் சத்தம் போடவில்லை, என் குரலே இப்படித்தான். சந்தையில் வளர்ந்த குரல். பஸ்ஸில் வேறு இடமும் இல்லை, கோத்தகிரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் என் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் நீங்க. நான் உங்க அப்பா வயசு.

டப்பாவில் என்ன என்று கேட்கிறீங்களா? சொன்னால் சிரிப்பீங்க. இங்கிலீஷ் மஃபின். கேக் மாதிரி காகிதக் கிண்ணத்தில் உப்பிக்கொண்டு நிற்குமே, அது இல்லை. இது வேற. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, தட்டையாக, ரெண்டு பக்கமும் லேசாகச் சிவந்து இருக்கும். தோசைக்கல்லில் சுடுகிற ரொட்டி என்று வைத்துக்குங்க. நடுவில் பிளந்தால் உள்ளே பூரா ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டையில் வெண்ணெய் உருகி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது மஃபின் இல்லை, வெறும் பன்னு.

நானே செய்தேன். இந்தக் கையால். பாருங்க, இது சூடு வாங்கின தழும்பு, இது போன மாசத்துது.

என் பேர் மாரப்பன். மேட்டுப்பாளையத்தில் மூடிப்போன ஓட்டல்களின் சாமானை மொத்தமாக எடுத்து விற்கிறவன். கிரைண்டர், அண்டா, மேசை, நாற்காலி, ஃப்ரிட்ஜ், தோசைக்கல். ஒருத்தன் ஓட்டலை மூடுகிறான் என்றால் அவன் அழுது முடிப்பதற்குள் நான் போய் வாசலில் நிற்பேன். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வயசில் பழைய பாட்டில் எடுக்கப் போனேன். முதல் நாள், ஒரு வீட்டில் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுச் சாக்கை நிரப்பிக்கொண்டு வந்து நின்றேன். முதலாளி செவிட்டில் ஒன்று விட்டார். மூன்று நாள் அந்தக் காது அடைத்துக் கிடந்தது. அந்த மூன்று நாளில் நான் படித்துக்கொண்டது ஒன்றுதான். முதலில் யார் எதைச் சொன்னாலும் அது நிஜ அளவு இல்லை. குறைப்பதற்கு இடம் விட்டுத்தான் எல்லாரும் வாயைத் திறக்கிறார்கள். விலைக்கு மட்டும் இல்லீங்க, எல்லாத்துக்கும். பத்து நாள் மாத்திரை எழுதினால் அஞ்சு நாள் போதும். கோயிலில் நூற்றெட்டுச் சுற்று என்றால் நான் ஐம்பத்து நாலோடு சாமியிடம் முடித்துக்கொள்வேன். இன்றைக்கு எனக்கு ரெண்டு குடோன் இருக்கிறது. யார் சொத்தும் இல்லை, எல்லாம் குறைத்துக் குறைத்துச் சேர்த்தது.

சரி, அவள் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் தையில் ஒரு அம்மா அடுப்பு கேட்டு குடோனுக்கு வந்தது. ஃப்ளோரா டீச்சர் என்று பேர். கோத்தகிரியில் ரிட்டையர் ஆனவர். ஒண்டியாக ஒரு பழைய பங்களாவில் இருந்துகொண்டு, மாடியில் மூன்று அறையை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார், காலையில் பலகாரமும் கொடுக்கிறார். மூன்று பர்னர் அடுப்பையும் ஒரு கனமான இரும்புக் கல்லையும் காட்டி விலை கேட்டார். சொன்னேன். அந்தம்மா பையைத் திறந்தது, எண்ணிக் கொடுத்துவிட்டது. குறைச்சுக்குங்க என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. கேட்ட விலையைக் கொடுக்கிறவர்களை நான் நம்புவதே இல்லை. அவர்களுக்கு வேறு எதிலோ கண் இருக்கும்.

அன்றைக்கு லாரி வர நேரமாகிவிட்டது. மதியம் என் வீட்டிலேயே சாப்பிடச் சொன்னேன். குடோனுக்குப் பின்னாலேயே வீடு. சாப்பிட்டு முடித்து டீச்சரும் என் வீட்டுக்காரியும் அடுக்களையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. பொம்பளைகள் பேச்சில் என்ன இருக்கப் போகிறது? அடுப்பை ஏற்றி அனுப்பினேன். ஆடி மாசம் என் வீட்டுக்காரியும் அதே ரோட்டில் மலை ஏறிவிட்டாள்.

கேளுங்க, போனவள் சோறு வடித்து, ரசம் வைத்து, கொத்தவரங்காய்ப் பொரியல் பண்ணி மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டை விட்டுப் போகிறவள் எவளாவது ரசம் வைப்பாளா? நான் ஈரோட்டிலிருந்து வந்து, கோயிலுக்குத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்து நல்லாச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பெங்களூரிலிருந்து என் மகள் பிரவீணா போன் பண்ணுகிறாள். அம்மா டீச்சர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சமையல் வேலை, தேட வேண்டாம் என்று. என் மகளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, சாவி அவளிடம்தானே இருந்தது. தெரியாதவன் நான் ஒருத்தன்.

நான் உடனே ஓடவில்லை. முதலில் போய் நிற்கிறவன் தோற்றுப் போவான். ஆவணி வரட்டும் என்றேன். புரட்டாசி வரட்டும் என்றேன். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். அந்த மெஸ்காரன் தினமும் கேட்பான், வீட்டில் ஊருக்குப் போயிருக்காங்களா என்று. ஒரு நாள் சாம்பார் வாளியைத் தட்டிவிட்டேன். அப்புறம் அவன் கேட்பதில்லை. யாருமே எதுவும் கேட்பதில்லை.

ஐப்பசியில் நல்ல மழையில் மேலே போனேன். கேட்டுக்கு வெளியே நின்று கத்தினேன், மறைக்கவில்லை, கத்தத்தான் செய்தேன். ரூம் எடுத்திருந்தவர்கள் எல்லாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் குடையோடு வந்தார்.

"முதல்ல உள்ளே வந்து உட்காருங்க மாரப்பன். நனைஞ்சிருக்கீங்க" என்றார்.

நான் சண்டைக்குப் போனவன். துண்டைக் கொடுத்து உட்கார வைத்தால் என்ன செய்வது? ஒரு தட்டு வந்தது. அதில் இதுதான், இந்த மஃபின். ரெண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி. பசி அம்மணி, காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதை இப்போது சொல்லலாம். அன்றைக்குச் சொல்ல முடியுமா? தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இது என்ன விலை என்று கேட்டேன். டீச்சர் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். மைதாவையும் பாலையும் கல்லில் போட்டு எடுக்கிற ரொட்டிக்கு இந்த விலையா, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, என் வீட்டில் நானே பத்து நிமிஷத்தில் சுடுவேன் என்று சத்தம் போட்டேன்.

அடுக்களைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் வெளியே வரவில்லை. சேலை முந்தானைகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"உங்க கையால ஆறு செஞ்சு கொண்டாங்க. கடையில வாங்காம, ஆளை வெச்சுச் செய்யாம. அப்புறம் பேசலாம்."

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் எதை? ரொட்டியை. இதோ முடிந்தது பேரம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆறு செய்து கொண்டு போனால் அவள் இறங்கி வந்துவிடுவாள்.

இல்லை, வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. பேசலாம் என்றுதான் சொன்னாள். நீங்க கவனிச்சுக் கேட்கிறீங்க. ஆனால் பேசினால் வந்துவிடுவாள் அம்மணி. பேசுகிறவன் நான் இல்லையா?

பிரவீணாவிடம் செய்முறை கேட்டேன். அவளுக்கு என் மேல் வருத்தம், ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். ஆனாலும் எதிலோ பார்த்துத் தமிழில் எழுதி அனுப்பினாள். அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மைதா இவ்வளவு, பால் இவ்வளவு, ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, வெண்ணெய். பிசைந்து ஒன்றரை மணி நேரம் மூடி வை. அப்புறம் தட்டி, வட்டமாக்கி, ரவையில் புரட்டி இன்னொரு அரை மணி நேரம் வை. அப்புறம் சின்னத் தீயில் ஒரு பக்கத்துக்கு எட்டு நிமிஷம்.

நான் அந்தத் தாளைப் பார்த்த உடனே என்ன நினைத்தேன் தெரியுமா? ஒன்றரை மணி நேரமா, ரொம்ப அதிகம், முக்கால் மணிக்கு முடிக்கலாம். பாலில் பாதி தண்ணீர் கலக்கலாம். எட்டு நிமிஷத்தை நாலு ஆக்கி, தீயைக் கூட்டினால் ஆயிற்று. ஈஸ்ட் வாங்கவே வேண்டாம், போன வருஷம் மூடிப்போன ஒரு பேக்கரிச் சரக்கோடு ஒரு டப்பா சும்மா வந்தது குடோனில் கிடக்கிறது.

சும்மா வந்த ஈஸ்ட். அதற்கு உயிர் போய் எத்தனை நாள் ஆயிற்றோ. மாவு வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தது, கல்லு மாதிரி. அப்படியே சுட்டேன். எங்கள் தெரு நாய் எதையும் தின்னும், செருப்பைக்கூடத் தின்னும். அது மோந்து பார்த்துவிட்டு என் மூஞ்சியைப் பார்த்தது. கல்லை எடுத்து எறிந்தேன். அடுத்த தடவை புது ஈஸ்ட் வாங்கினேன், ஆனால் அவசரத்துக்குக் கொதிக்கிற பாலை ஊற்றினேன். அதுவும் செத்தது. அதற்கு அடுத்தது உப்பியது, முக்கால் மணியில் எடுத்துப் பெரிய தீயில் போட்டேன், வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. வட்டம் வேறு வரவில்லை, ஒவ்வொன்றும் ஒரு தேச வரைபடம்.

பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற அமீர் பாயிடம் ஆறு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு போய், அடியை அறுத்து எடுத்து வளையமாக்கிக் கொடுங்கள் என்றேன். அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் மாரப்பண்ணே, அடி இல்லாத டம்ளர்ல என்னத்தைக் குடிக்கப் போறீங்க?"

என் காசு, என் டம்ளர், உமக்கென்ன என்று எகிறினேன். மனுஷன் சிரித்துக்கொண்டே அறுத்து, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தார். கையை அறுத்துக்காதீங்க, வீட்டில் மருந்து போட ஆளில்லை என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. கெட்டுப்போனதையெல்லாம் படம் எடுத்துப் பிரவீணாவுக்கு அனுப்பினேன். அவள் கேட்டாள், எழுதினபடி செய்தீங்களா என்று. ஏறக்குறைய என்றேன். எவ்வளவு நேரம் மாவை வைத்தீங்க என்றாள். சொன்னேன்.  

"அப்பா, அதுல குறைக்காதீங்க. அது விலை இல்லை, அளவு. ஒரு தடவையாவது சொன்னபடி செய்யுங்க" என்றாள்.

அவள் குரல் எப்படியோ இருந்தது. ரொட்டிக்குப் போய் இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, சொன்னபடியே செய்து தொலைப்போம் என்று போன வாரம் பிசைந்தேன். அவளுடைய பழைய நூல் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்து மூடினேன். ஒன்றரை மணி நேரம். அதை விட்டுவிட்டு குடோனுக்குப் போகலாம்தான். போனால் மறந்துவிடுவேன், இல்லையென்றால் அவசரப்பட்டு எடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் பக்கத்திலேயே இருந்தேன். பகலில் நான் வீட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

உட்கார இடம் தேடினேன். எங்கள் அடுக்களையில் உட்கார ஒன்றும் கிடையாது. ஐந்நூறு ஓட்டல் நாற்காலி குடோனில் கிடக்கிறது, அடுக்களைக்குள் ஒன்று வந்ததில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தால் ஒரு பெயிண்ட் வாளி கவிழ்த்து வைத்திருக்கிறது. மேலே நாலாக மடித்த சாக்கு, அதற்கு மேல் துணி வைத்துத் தைத்து, பதமாக. அவள் உட்காருகிற இடம். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் உள்ளே வரும்போதெல்லாம் அவள் நின்றுகொண்டுதான் இருப்பாள்.

அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தால் ஜன்னல் வழியாக நேராக வாசல் கேட் தெரிகிறது. யார் வந்தாலும் தெரியும். கெட்டிக்காரி. ஆள் வருவதைப் பார்த்து எழுந்து நிற்பதற்கு அதைவிட வசதியான இடம் வீட்டில் வேறு இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் நாலு விசில் அடித்தது. மேலே தொட்டி நிரம்பி வழிந்தது. மாவிடம் பேசினேன், சிரிக்காதீங்க. ஏறு, சீக்கிரம் ஏறு, எத்தனை நேரம் காக்க வைப்பாய் என்று திட்டினேன். அது பாட்டுக்கு மெதுவாக ஏறியது. திட்டினாலும் அவ்வளவுதான், கொஞ்சினாலும் அவ்வளவுதான். நான் எத்தனையோ முதலாளிகளைப் படிய வைத்தவன், அரைப்படி மைதாவைப் படிய வைக்க முடியவில்லை.

அன்றைக்குச் சுட்டது நன்றாக வந்தது. கத்தியால் அறுத்தேன், உள்ளே ஓட்டை எல்லாம் நசுங்கிப் பசை மாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் பிரவீணா. கத்தி வைக்கக் கூடாதாம், முள்கரண்டியால் ஓரத்தில் சுற்றிலும் குத்தி, கையால் பிளக்க வேண்டுமாம். குடோனில் ஒரு கோணி முள்கரண்டி இருக்கிறது, வீட்டில் ஒன்று இல்லை. போய்க் கொண்டு வந்தேன்.

இன்றைக்குக் காலையில் எழுந்து சரியாக ஆறுக்கு மாவு போட்டேன். அந்தத் தாளில் எட்டுக்குத்தான் அளவு. அவள் கேட்டது ஆறு, எதற்கு எட்டு? கணக்காகப் பிசைந்தேன். ஒன்றரை மணி நேரம் வாளியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் மறுபடி உட்கார்ந்தேன். சின்னத் தீ. எட்டு நிமிஷம், திருப்பி எட்டு நிமிஷம். ஒரு நொடி குறைக்கவில்லை.

ஒன்றை எடுத்துக் குத்திப் பிளந்தேன். அம்மணி, உள்ளே பூரா ஓட்டை. வெண்ணெய் வைத்தேன், உருகி ஓட்டைக்குள் இறங்கி அப்படியே நின்றது. டீச்சர் வீட்டில் தின்றது மாதிரியே. ஒரு பாதியை என் தட்டில் வைத்தேன், இன்னொரு பாதியை எதிரில் ஒரு தட்டில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை, கை வைத்துவிட்டது. என் பாதியைத் தின்று முடித்து, அது ஆறிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் நானே தின்றேன்.

ஆக அஞ்சு. அதில் ஒன்று இந்த சீட்டுக்குப் போய்விட்டது. இங்கே வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பின்னாடி சீட்டில் தூக்கித் தூக்கிப் போடும், டப்பா அலுங்கும். மாறிக்கொள்ளப்பா என்றேன், முடியாது என்றான். டப்பாவைத் திறந்து ஒன்றைக் கொடுத்தேன். சூடாக இருந்தது. எழுந்து போய்விட்டான். ஒரு ரொட்டிக்கு ஜன்னல் சீட்டு, பேரம் மோசமில்லை.

நாலு இருக்கிறது. போதாதா? ஆறு என்று சொன்னால் ஆறேவா? அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வது. நாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும் நான் செய்தது என்று.

அந்த வளைவில் குரங்கு இருக்கும், ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது. உங்களுக்குக் காது அடைக்கிறதா? எனக்கு இடது காது எப்போதும் அடைக்கும், அந்த முதலாளி விட்ட அறை.

எதற்காகப் போனாள் என்று நீங்க இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று முகத்தில் இருக்கிறது. எனக்கும் தெரியாது அம்மணி. அடித்தேனா? என் பிள்ளை மேல் சத்தியமாக ஒரு நாள் கை நீட்டியதில்லை. குடி கிடையாது. கத்துவேன், அது வியாபாரம். அவளை ஒரு குறையும் வைக்காமல்தான் வைத்திருந்தேன். ஆபரேஷனுக்குக்கூட நல்ல டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

கர்ப்பப்பை எடுத்தார்கள், அவள் போவதற்கு முந்தின வருஷம். டாக்டர் ஆறு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். டாக்டர்கள் சொல்வது எல்லாம் முதல் விலைதானே. மூன்றாவது வாரம் எனக்குப் பெரிய சரக்கு ஒன்று விழுந்தது. ஊட்டியில் ஒரு லாட்ஜ் மொத்தமாக மூடுகிறார்கள். பத்து நாளில் காலி பண்ண வேண்டும், எட்டு ஆளுக்குச் சாப்பாடு. வெளியில் வாங்கினால் என்ன ஆவது? நான் வற்புறுத்தவில்லை. "மூணு வாரம் ஆச்சே, நடக்கிறாயே, போதாதா?" என்றுதான் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். சம்மதம் என்றுதானே அர்த்தம்? ஏழாவது நாள் சோற்று அண்டாவைத் தூக்கி வைக்கும்போது தையல் விட்டுவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி படுக்கை. மொத்தத்தில் பார்த்தால் பத்து வாரம் ஆகிவிட்டது. அந்தப் பேரத்தில் நஷ்டப்பட்டவன் நான்தான்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? நடந்ததைச் சொன்னேன்.

வெளியே ஒன்றும் தெரியவில்லை, பனி மூடிவிட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

என்ன கேட்டீங்க? சரியாகக் கேட்கவில்லை, இந்தக் காதுப் பக்கம் சொல்லுங்க.

எண்ணிப் பார்ப்பாங்களா என்றா?

எண்ண மாட்டாள். அவள் எதையும் எண்ணுகிறவள் இல்லை. வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதைக்கூட வாங்கி அப்படியே டப்பாவில் போடுவாள்.

இல்லை. இருங்க.

படுக்கைக்குப் பக்கத்தில் தினக் காலண்டர் ஒன்று மாட்டச் சொன்னாள், ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கு. மாசக் காலண்டர்தான் இருந்தது, அதை மாட்டினேன். அதில் பென்சிலால் ஒவ்வொரு நாளாக ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி நாளைச் சுற்றி ஒரு வட்டம். ஆறாவது வாரம் முடிகிற நாள். அது ஒரு வியாழக்கிழமை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், போதாதா என்று நான் கேட்டபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாளே என்று நானும் பார்த்தேன். வட்டத்துக்கு இன்னும் மூன்று வரிசை பாக்கி இருந்தது.

பார்த்தேன் அம்மணி. பார்த்துவிட்டுத்தான் லாரிக்குச் சொல்லப் போனேன்.

எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வந்துவிட்டது, ஸ்டாண்டு அதுதான். நீங்க முதலில் இறங்குங்க, எனக்கு அவசரமில்லை. இல்லை, டப்பாவை நீங்க பிடிக்க வேண்டாம், நானே பிடித்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் சூடு இருக்கிறது, தொட்டுப் பாருங்க.

ஒன்று சொல்கிறேன், நீங்களும் கேட்டுக்குங்க. நீங்க டீச்சர் பங்களா பக்கம் போகிறீங்க என்றால் அவளிடமும் சொல்லுங்க. இன்றைக்கும் அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு குரலை மட்டும் அனுப்பக் கூடாது. வெளியே வரட்டும். இந்த டப்பாவை அவள் கையால் திறக்கட்டும். எண்ணட்டும். நாலுதானே இருக்கிறது, மீதி ரெண்டு எங்கே என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். நாலு போதாதா என்பேன். என் வாய் அப்படித்தான் சொல்லும், அதை இனிமேல் மாற்ற முடியாது. அவள் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆறுன்னா ஆறுதான் என்று நிற்க வேண்டும். நின்றால், அடுத்த பஸ்ஸில் கீழே போய், மாவு பிசைந்து, அந்த வாளியில் ஒன்றரை மணி நேரமும் உட்கார்ந்து, மீதி ரெண்டைச் சுட்டுக் கொண்டு வந்து கொடுப்பேன். அன்றைக்கே காலண்டரைக் காட்டி நின்றிருந்தால் அந்த மூன்று வாரத்தையும் கொடுத்திருப்பேன். ஏன் நிற்கவில்லை? அவள் பண்ணின தப்பு அதுதான். அதை அவள்தான் வந்து சரி பண்ண வேண்டும். எழுந்து வந்து, குறைக்காமல், முழுசாகக் கேட்கச் சொல்லுங்க.